இரண்டு மணிக் கச்சேரிக்கு இனி யார் போவார்கள்?

ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியருக்கும் ஆசிரியர் குழுவினருக்கும்,

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து என் கைபேசிக்கு நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. இந்த மார்கழி முதல் கச்சேரி விமர்சனங்கள் வெளியாகமாட்டா. கச்சேரிகளை நடத்தும் சபாக்கள் அனுப்பும் குறிப்புகளும் படங்களும் போதும் என்று முடிவாகியிருக்கிறது. பத்திரிகையின் பெயரைச் சொல்லிச் சபாக்களில் அனுமதிச் சீட்டு கேட்க வேண்டாம். நான்காவது வரியில் எழுத்து இல்லை; கும்பிடும் இரண்டு கைகளின் படம் இருந்தது.

எழுபதை நெருங்குகிற ஒருவனை வீட்டுக்கு அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைப் பற்றி நான் மடல் எழுதப்போவதில்லை. அனுப்புவது என்னை என்று நினைத்துக்கொண்டு, வேறொன்றை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் உங்கள் பத்திரிகைக்குள் எப்படி வந்தேன் என்பது இன்று அங்கே இருப்பவர்களில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1993 டிசம்பரில் உங்கள் பக்கத்தில் ஒரு கச்சேரி விமர்சனம் வெளியாயிற்று. பாடகர் தோடி ராகத்தில் ராகம் தானம் பல்லவி பாடினார், தோடியின் காந்தார ஸ்வரம் சபையை உருக்கியது என்று எழுதியிருந்தது. அந்தக் கச்சேரியில் நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் தோடி என்றுதான் இருந்தது. ஆனால் பாடகர் மேடையில் மனத்தை மாற்றிக்கொண்டு பைரவி ராகத்தை எடுத்துவிட்டார். விமர்சகர் வரவே இல்லை. நிரலைப் பார்த்து வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தார்.

ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டேன்: ‘தோடியின் காந்தாரத்தைத் தங்கள் விமர்சகர் எந்த மண்டபத்தில் கேட்டார் என்று தெரிந்தால், மறுமுறை நானும் அங்கே போவேன்.’ பத்து நாளில் நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. அப்போதைய ஆசிரியர் இன்று இல்லை. மேசையில் என் அஞ்சலட்டையை வைத்துக்கொண்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வங்கியில் எழுத்தர் என்றேன். பாட்டு படித்ததுண்டா என்று கேட்டார். கும்பகோணத்தில் ஆறு வருஷம் வயலின் கற்றுக்கொண்டதையும், ஏழாவது வருஷம் என் வாத்தியார், ‘உனக்குக் காது இருக்கிறது, கை இல்லை’ என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கையில் கொடுத்ததையும் சொன்னேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. ‘எனக்கும் காதுதான் வேண்டும். நாளை மாலையிலிருந்து போங்கள். போகாத கச்சேரியைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்’ என்றார்.

அந்த விமர்சகருக்கு அதன்பிறகு உங்கள் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை. போகாத கச்சேரியைப் பற்றி எழுதியது அன்று ஒருவரின் பத்தியைப் பறித்தது. இன்று, ஐயா, அதையே நீங்கள் பத்திரிகையின் கொள்கையாக ஆக்கியிருக்கிறீர்கள். சபாவின் குறிப்பு என்பது என்ன? கச்சேரிக்கு முந்தைய நாளே எழுதிவைத்த விமர்சனம். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தாலும் அதில் ‘கந்தர்வ கானம்’ என்றுதான் இருக்கும்.

இந்த முடிவுக்குக் காரணம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகவே பதில் சொன்னார்கள். விமர்சனத்தை யாரும் படிப்பதில்லை, கச்சேரியே இணையத்தில் நேரலையாக வருகிறது, இடமும் இல்லை.

இடத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிகிற விஷயம். சென்ற மார்கழி சீசனில் சபா கேன்டீன்களைப் பற்றி அரைப் பக்கம் அரைப் பக்கமாக நான்கு நாள் வெளியிட்டீர்கள். நன்றாகவே இருந்தது, அந்த எழுத்தாளருக்கு நாக்கும் உண்டு, நடையும் உண்டு. ஆனால் அடைக்கு அவியல் சேர்ந்ததா என்று எழுத உங்களிடம் இடம் இருக்கிறது, பாட்டுக்கு வயலின் சேர்ந்ததா என்று எழுத இல்லை என்றால், குறைவது இடம் அல்ல.

நேரலை விஷயம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 2020இல் கொரோனா வந்து மண்டபங்கள் மூடியபோது அந்த நேரலைகள்தான் எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றின. இன்றும் நல்ல கச்சேரியை வெளியூரில் இருப்பவர்கள் கேட்க முடிகிறது. அது பெரிய வரம். ஆனால் நேரலையின் கீழே வருகிற கருத்துகளை ஒருநாள் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தெய்வீகம், அற்புதம், சரஸ்வதி கடாட்சம், கைகூப்பும் படம், இதயப் படம். பாடகரின் அத்தையும் சித்தப்பாவும் அன்போடு எழுதுகிறார்கள், எழுதட்டும். இளைஞர்கள் சிலர் இணையத்தில் மிக நுட்பமாகவும் எழுதுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல்லவியின் எடுப்பு எங்கே விழுந்தது, கோர்வை எத்தனை அட்சரத்தில் கட்டியது என்று கணக்கோடு சொல்லும் ஒரு பிள்ளையிடம் நானே போன வருஷம் பாடம் கேட்டேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலத்தில்.

என் உண்மையான கவலை இங்கேதான் ஆரம்பமாகிறது.

தமிழில் சங்கீதத்தைப் பற்றிச் சாதாரண வாசகனுக்கு எழுத முடியும் என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. 1930களில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிக் காட்டினார். சபாவுக்குள் ஒருமுறைகூடக் காலடி வைக்காதவர்கள் அவற்றைப் படித்தார்கள். என் தகப்பனார் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். சென்னைக் கச்சேரி ஒன்றைக்கூட நேரில் கேட்டதில்லை. ஆனால் யாருடைய குரல் எப்படி என்று சொல்லுவார், எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடா என்ற சில்லறை உருப்படியாக மட்டும் ஒதுங்கிக் கிடந்ததை மாற்றக் கிளர்ச்சி எழுந்து, 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் தோன்றியபோது, அந்தச் சண்டையில் பாதி பத்திரிகைப் பக்கங்களில்தான் நடந்தது. அதற்குப் பதினோரு வருஷம் முன்பு, 1932இல், இன்று பரதநாட்டியம் என்கிற சதிர் ஆட்டத்தைப் பற்றி, அதை ஒழிக்க வேண்டும் என்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் காக்க வேண்டும் என்ற ஈ. கிருஷ்ண ஐயரும் மோதிக்கொண்டதும் பத்திரிகைக் கடிதங்களில்தான். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதாடலாம். வாதாடுவதற்கு அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. நம் சீசனை வைத்து நூறு வருஷம் கழித்து ஒருவர் வாதாட விரும்பினால் உங்கள் பத்திரிகையில் அவருக்கு என்ன கிடைக்கும்? மாலை போட்ட படம்.

விமர்சகர் சுப்புடுவை உங்கள் தலைமுறை மறந்திருக்காது என்று நினைக்கிறேன். 1917இல் பிறந்து 2007இல் மறைந்தவர். பர்மாவில் இருந்தவர், யுத்தத்தின்போது அங்கிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார். டெல்லியில் மத்திய அரசு வேலை. மாலையில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு விமர்சனம். வேலை முடிந்து கச்சேரிக்கு ஓடுகிற என் போன்றவர்களுக்கு அவர் பெரிய ஆறுதல். டிசம்பரில் அவர் சென்னைக்கு வருகிறார் என்றாலே வித்வான்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும். அவருடைய கேலிகள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். சில வாக்கியங்கள் சங்கீதத்தை விட்டு மனிதர்மீது விழுந்தன. நடையின் மோகத்தில் நியாயம் நழுவிய இடங்கள் உண்டு. ஆனால் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் மேடையில் சுருதி சேர்க்க இரண்டு நிமிஷம் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நிமிஷத்தின் மதிப்பு ரசிகனுக்குத் தெரியும்.

இப்படி எழுதியவர்கள் வழியாகத் தமிழுக்கு ஒரு சொல்வளம் சேர்ந்தது. கார்வை, பிருகா, அழுத்தம், பாந்தம், ஓட்டம், காலப்பிரமாணம் இறுகியிருந்தது, நிரவல் நின்று பேசியது, ஸ்வரம் சொல்லுக்குச் சரியாக வந்து இறங்கியது, வயலின் நிழல் போல் வந்தது, மிருதங்கம் பாட்டுக்கு வாசித்தது, கடம் அடக்கி வாசித்தது. இவை எதுவும் அகராதியைப் பார்த்து எழுதக்கூடியவை அல்ல. ‘பாட்டுக்கு வாசித்தது’ என்ற இரண்டு சொல்லில், அந்த மிருதங்கக்காரர் தன் கைவரிசையைக் காட்டாமல் பாடகரின் மூச்சை அறிந்து நடந்தார் என்பது முழுவதும் இருக்கிறது. தினமும் ஒருவர் கேட்டு, தினமும் ஒருவர் எழுதி, மறுநாள் காலை காபியோடு ஒருவர் படித்தால்தான் இந்தச் சொற்கள் உயிரோடிருக்கும். மன்னார்குடியிலோ காரைக்குடியிலோ இருக்கும் உங்கள் வாசகருக்கு நீங்கள் இனி அனுப்பப்போவது ஒரே ஒரு சொல்தான்: மெய்மறந்தனர்.

அந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. சென்ற ஜனவரியில் நடந்தது.

ஒரு சபாவின் கச்சேரி. பெயர் வேண்டாம். அன்று ஒலிபெருக்கியை வைத்தவர் மிருதங்கத்தின் மீது என்ன கோபத்தில் இருந்தாரோ, வலந்தலையின் ஒவ்வொரு அடியும் பக்கத்து மனையில் கட்டடம் இடிக்கிற சத்தமாக வந்தது. தம்புரா காணாமலே போயிற்று. பாடகி மூன்று முறை கையால் சைகை காட்டினார். சபாக்காரர்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தது, அதை எழுதினேன். பேகடா ராகத்தை அவர் அவசரப்படாமல் விரித்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். ஒலி அமைப்பைப் பற்றி இரண்டே வாக்கியம். மறுநாள் பத்திரிகையில் அந்த இரண்டு வாக்கியமும் இல்லை. சரி, இடமில்லை என்று வெட்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் கடைசியில் நான் எழுதாத ஒரு வாக்கியம் இருந்தது: ‘அரங்கு நிறைந்த ரசிகர்கள் மெய்மறந்தனர்.’ அதன் கீழே என் பெயர். எதிர்ப்பக்கத்தில் அதே சபாவின் முழுப்பக்க விளம்பரம்.

அரங்கு நிறையவில்லை, பாதி காலி. அதை விடுங்கள். 31 வருஷத்தில் நான் ஒருவரையும் மெய்மறக்க வைத்ததில்லை. அந்தச் சொல்லை ஒருமுறைகூட எழுதியதில்லை என்பது என் சின்னப் பெருமைகளில் ஒன்று. அந்தப் பாடகி இரண்டு நாள் கழித்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். ‘ஸார், நீங்களுமா? அந்த மைக்கைப் பற்றி நீங்களாவது எழுதுவீர்கள் என்று இருந்தேன்’ என்றார். அவரிடம் நான் சொன்ன பதிலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. பதினோரு மாதம் கழித்துக் கும்பிடும் கைகள் வந்தன.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இராது. விமர்சகன் எப்போதும் நியாயவான் அல்ல. 1998 சீசனில் ஒரு மூத்த வித்வானைப் பற்றி, ‘குரல் ஓய்வு கேட்கிறது, வித்வான்தான் கொடுக்க மறுக்கிறார்’ என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த வாக்கியத்தை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தது நினைவிருக்கிறது. அவர் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு பாடியிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. அடுத்த வருஷம் எந்தச் சபாவிலும் அவர் பாடவில்லை. நானாகவே அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார், என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மைக் இல்லாமல், தம்புராகூட இல்லாமல், சஹானா ராகத்தில் ஒரு சங்கதியை மெதுவாகப் பாடினார். ‘அன்று இதுதான் வரவில்லை’ என்றார். அவ்வளவுதான். அந்த ஐந்து விநாடியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதன் பிறகு எழுதிய ஒவ்வொரு விமர்சனத்தையும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அவர் எதிரில் உரக்கப் படிக்க முடியுமா என்று பார்த்தே அனுப்பினேன்.

ஆகவே குத்திக் கிழிக்கும் உரிமைக்காக நான் வாதாடவில்லை. நான் தவறு செய்தபோது அதில் என் பெயர் இருந்தது. யாரும் வீடு தேடி வந்து கேட்டிருக்கலாம், மறுப்புக் கடிதம் எழுதியிருக்கலாம், பலர் எழுதினார்கள், நீங்களும் வெளியிட்டீர்கள். சபாவின் குறிப்புக்கு யார் மறுப்பு எழுதுவது? அதில் யார் பெயரும் இல்லை.

விமர்சனத்தை யாரும் படிப்பதில்லை என்கிறீர்கள். இரண்டு மணிக் கச்சேரியைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு சொல்லுங்கள்.

மதியம் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் சபாக்களில் இளைஞர்கள் பாடுவார்கள். டிக்கெட் கிடையாது. நாலு மணிக்குக் கொஞ்சம் வளர்ந்தவர்கள், மாலையில் பெரியவர்கள். இதுதான் படிக்கட்டு. உங்கள் பத்திரிகை, மற்றப் பத்திரிகைகள், எல்லாரும் மாலைக் கச்சேரிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு நான் மதியக் கச்சேரிகளுக்குப் போக ஆரம்பித்தேன். மந்தைவெளியில் பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து போனால், குளிரூட்டிய மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அதில் பாடகரின் குடும்பம் பாதி. சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒரு வருஷம் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து பாடினாள். தகப்பனார் கோயிலில் தவில் வாசிப்பவர். சென்னையில் அவர்களுக்கு யாரையும் தெரியாது; யாரோ ஒருவர் வர முடியாமல் போனதால் கிடைத்த இடம். கேட்டவர்கள் பதினோரு பேர், நான் எண்ணினேன். காம்போதி ராகத்தை அவள் எடுத்த விதத்தில் நாகஸ்வரத்தின் நீளமூச்சு இருந்தது. சென்னையில் வகுப்பு வகுப்பாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் அது எளிதில் வராது. தாளத்தில் ஓர் இடத்தில் தடுமாறினாள், மிருதங்கம் வாசித்த பையன் முகம் மாறாமல் அவளைக் கைதூக்கிக் கரைசேர்த்தான். இரண்டையும் எழுதினேன். ஒன்பது வரி. உள்பக்கத்தில், மூலையில், படமில்லாமல் போட்டீர்கள்.

அடுத்த வருஷம் அவளுக்கு நாலு மணி கிடைத்தது, இரண்டு சபாவில். அந்தச் செயலாளர்களில் ஒருவர் என்னிடமே சொன்னார்: ‘உங்கள் ஒன்பது வரியைக் கத்தரித்து ஒருவர் கொண்டுவந்து காட்டினார், அதன் பிறகுதான் பதிவைக் கேட்டேன்.’ அவளை நான் உருவாக்கினேன் என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. அவள் பாட்டு உருவாக்கியது. ஆனால் பதினோரு பேருக்கு வெளியே அந்தப் பாட்டைக் கொண்டுபோக, பணமில்லாத, ஆளில்லாத அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தவில்காரர் ஒன்பது வரியைப் பிளாஸ்டிக் உறையிட்டுப் பையில் வைத்திருக்கிறார். அதில் தாளம் தவறியதும் இருக்கிறது; அதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இன்று அப்படி ஒரு பெண் வந்தால் என்ன செய்வாள்? உங்கள் விளம்பரப் பிரிவிலிருந்து போன சீசனில் சுற்றுக்கு விட்ட கட்டணப் பட்டியலை ஒரு மாணவனின் தாயார் எனக்குக் காட்டினார். ‘கலைஞர் அறிமுகம்’, கால் பக்கம், படத்துடன். அதன் விலையை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அந்தத் தவில்காரர் வீட்டில் ஆறு மாதம் அரிசி வாங்கலாம். வெளியான அறிமுகங்களில் எதிலும் ‘விளம்பரம்’ என்ற சொல் கண்ணில் படவில்லை. பணம் கொடுத்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளையை எட்டாயிரம் மைலுக்கு அப்பால் வளர்த்து, விடியற்காலை எழுப்பிப் பாட்டு சொல்லிவைத்து, விடுமுறையெல்லாம் இங்கே கூட்டிவரும் பெற்றோருக்கு ஆசை இருக்காதா? அந்தப் பிள்ளைகளில் சிலர் இங்குள்ளவர்களைவிடச் சுத்தமாகப் பாடுகிறார்கள். அவர்களுக்கும்தான் நீங்கள் துரோகம் செய்கிறீர்கள். உண்மையாகவே நன்றாகப் பாடும் பிள்ளைக்கு, காசு கொடுக்காமல் கிடைத்த ஒரு பாராட்டு என்று எடுத்துக் காட்ட இனி எதுவும் மிஞ்சாது.

பக்கவாத்தியக்காரர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சபாவின் குறிப்பில் அவர்கள் பெயர்ப் பட்டியல், அதுவும் பொடி எழுத்தில். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்துபோகிறது. நேரலை பார்ப்பவர்கள் விரலால் தள்ளிவிடுகிறார்கள். நான் எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன்: எவ்வளவு சிறிய விமர்சனமானாலும் வயலினுக்கு ஒரு வாக்கியம், மிருதங்கத்துக்கு ஒரு வாக்கியம், கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ இருந்தால் அதற்கும் ஒன்று. ‘உறுதுணையாக வாசித்தார்’ என்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இடம் போதாமல் உங்கள் உதவி ஆசிரியர்கள் முதலில் வெட்டியது எப்போதும் இந்த வாக்கியங்களைத்தான். ஒரு கஞ்சிராக்காரர், 22 வருஷம் வாசித்துத் தன்னைப் பற்றி அச்சில் வந்தவை மொத்தம் ஏழு வாக்கியங்கள் என்று என்னிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நான்கு என்னுடையவை.

பணத்துக்காக நான் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் ஒரு விமர்சனத்துக்கு 75 ரூபாய். சென்ற சீசனில் 600. பஸ், ஆட்டோ, காபி போக மிஞ்சுவது காபிதான். ஆரம்பத்தில் கச்சேரி முடிந்ததும் நடைபாதை விளக்கின் கீழ் நின்று எழுதி, இரவு பதினொரு மணிக்கு உங்கள் வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பேன். பிறகு தொலைநகல் வந்தது, மின்னஞ்சல் வந்தது, இப்போது கைபேசியிலேயே தட்டச்சு. பழத்தட்டில் வைத்து வந்த வெள்ளி விளக்கையும் பட்டு வேட்டியையும் திருப்பி அனுப்பியதில் இரண்டு குடும்பங்களின் நட்புப் போயிற்று. சபா கமிட்டிகளில் சேரக் கூடாது, கலைஞர் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரக் கூடாது என்பவை எனக்கு உங்கள் பத்திரிகை அன்று சொல்லித்தந்த விதிகள். என் மனைவி இதைத் ‘தீட்டுக் காக்கும் விரதம்’ என்பாள். முப்பது மார்கழியில் ஒரு மார்கழிகூட நான் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்ததில்லை. அவளுக்கு இந்த முடிவில் சந்தோஷம் என்பதையும் மறைக்கவில்லை.

இனி நான் கேட்பவை.

சென்ற ஜனவரி விமர்சனத்தில் என் பெயரின் கீழ் வெளியான கடைசி வாக்கியம் என்னுடையது அல்ல என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டு வரி போதும். ஒருவர் பெயர் போட்ட எழுத்தில் வெட்டலாம், ஆனால் அவரைக் கேட்காமல் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை என்று உங்கள் மேசையில் விதியாக எழுதி வையுங்கள்.

காசு வாங்கிப் போடும் அறிமுகத்தின் தலையில் ‘விளம்பரம்’ என்று, வாசகர் கண்ணில் படும் எழுத்தில் அச்சிடுங்கள். சபா அனுப்பும் குறிப்பை வெளியிட்டால், சபா அனுப்பியது என்று போடுங்கள்.

சீசன் நாட்களில் தினமும் ஒரு பத்தி இடமாவது விமர்சனத்துக்குத் திரும்பக் கொடுங்கள். அதில் பாதி மதியக் கச்சேரிகளுக்கு. எனக்கு வேண்டாம், என் பெயரை எடுத்துவிடுங்கள். இரண்டு இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். 31 வருஷத்தில் உங்கள் விமர்சன மேசையில் பெண் ஒருவரும் இருந்ததில்லை. பாடுபவர்களில் பாதிப்பேர் பெண்கள். நீங்கள் எடுக்கும் அந்த இருவருக்கும் போக்குவரத்துச் செலவைத் தனியாகக் கொடுங்கள். விளம்பரப் பிரிவு அவர்களோடு பேசக் கூடாது. முதல் சீசனுக்கு அவர்கள் எழுதுவதைப் படித்துப் பார்க்க என்னை அழைத்தால் ஊதியம் இல்லாமல் வருவேன்.

மயிலாப்பூரைச் சுற்றிய இரண்டு மைலுக்குள் சங்கீதம் முடிந்துவிடுவதில்லை. நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். மாவட்டங்களில் உங்களுக்கு நிருபர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் வாசிப்பவர் எந்த ராகத்தை எத்தனை நேரம் வாசித்தார் என்று எழுதக்கூடிய ஒருவரையாவது மாதம் ஒருமுறை அனுப்புங்கள்.

உங்கள் பழைய இசைப் பக்கங்கள் கிடங்கில் எந்த நிலையில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். கடைசியாக நான் பார்த்தபோது மழைநீர் படிந்திருந்தது. அவற்றை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் ஒப்படையுங்கள். என் வீட்டில் கத்தரித்து ஒட்டிவைத்தவை பதினோரு பெட்டி இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். தூக்குவதற்கு ஓர் ஆள் அனுப்பினால் போதும்.

டிசம்பர் 15 அன்று மதியம் இரண்டு மணிக்கு நான் வழக்கமாகப் போகும் சபாவில் இருப்பேன். டிக்கெட் இல்லாத கச்சேரி, ஆகவே பத்திரிகையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பதிலைச் சொல்ல அழைப்பதானால் மூன்றரை மணிக்குப் பிறகு அழையுங்கள். தனி ஆவர்த்தனம் முடியும்வரை கைபேசியை எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
1993 முதல் உங்கள் பத்திரிகையில் கச்சேரி விமர்சனம் எழுதியவன்